நூல் கடித்த பல்

புருவம் எடுக்கும் நூலின் ஒரு முனை என் வாயில் இருக்கும். கீழ் முன்பற்களால் அழுத்திக் கடித்துக்கொள்வேன். மற்ற முனை கையில். நடுவில் நூலை முறுக்கி, அந்த முறுக்கை முடியின் மேல் ஓட்டினால் முடி வேரோடு வந்துவிடும். இதற்கு நான் கஸ்டமரின் முகத்துக்கு மேல் குனிய வேண்டும். என் வாய்க்கும் அவர் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது. கஸ்டமர் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் கண்ணைச் சுற்றியிருக்கும் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார். அதனால் அவரால் மூக்கைப் பொத்திக்கொள்ள முடியாது.

இதையெல்லாம் நான் யோசித்ததே இல்லை, அந்த வியாழக்கிழமை வரை.

நான் வேலை செய்யும் பார்லர் விவேக் நகரில், சர்ச்சுக்குப் போகும் தெருவில் இருக்கிறது. வியாழக்கிழமை நவநாள் பூசைக்கு வருகிறவர்கள் அப்படியே ஐப்ரோவும் போட்டுக்கொண்டு போவார்கள். ஸ்கூல் டீச்சர் ஒருத்தர் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருவார். வேறு பெண் சும்மா இருந்தாலும் எனக்காகக் காத்திருப்பார். அன்றும் காத்திருந்தார். வலது புருவத்தை முடித்துக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன், அவர் நெஞ்சு ஏறி இறங்கவே இல்லை. நான் நூலைச் சரிசெய்ய நிமிர்ந்ததும் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவர் மாதிரி வாயால் காற்றை இழுத்தார். நான் மறுபடி குனிந்ததும் மறுபடி நெஞ்சு நின்றது.

மூச்சைப் பிடித்துக்கொள்கிறவர் எப்படி இருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான்கு வருஷம் நானே அதைச் செய்திருக்கிறேன், அம்மாவிடம்.

நூலை வாயிலிருந்து எடுத்தேன். கடித்த முனை சிவப்பாக இருந்தது. சிவப்பின் ஓரத்தில் மஞ்சளாக, கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. டீச்சர் கண்ணைத் திறந்து அதைப் பார்த்துவிட்டார்.

"உன் வாயில ரத்தம் வருது பாரும்மா," என்றார் மெதுவாக.

"ஒண்ணும் இல்ல மிஸ். லைட்டா நூல் கிழிச்சிருக்கும். இன்னொரு சைடு போட்டுடறேன்."

"வேணாம்மா. அந்தப் பொண்ணு போடட்டும்."

ஒரு புருவம் வில் மாதிரியும் மற்றது புதர் மாதிரியும் வைத்துக்கொண்டு அடுத்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பார்லர் ஓனர் அக்கா என்னைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டார். வேக்ஸ் சூடாகிக்கொண்டிருக்கும் இடம் அது.

"ஏன்டி, பல்லு வெளக்கி எத்தினி நாளாச்சு?"

"டெய்லி வெளக்கறேன்க்கா."

"பின்ன ஏன்டி இந்த நாத்தம்? வாயத் தொற பாக்கலாம்."

போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். பார்த்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஐயே! ஈறெல்லாம் கத்திரிக்கா கலர்ல வீங்கிக் கெடக்குது. இத வெச்சிக்கினு நீ கஸ்டமர் மூஞ்சில போயி குனியறே? நாளைலேர்ந்து மூஞ்சி கிட்டயே வராத. பெடிக்யூர் மட்டும் பாரு. காலுக்கு மூக்கு இல்ல."

"எத்தினி நாளைக்குக்கா?"

"வாய் சரியாவற வரைக்கும். ஆவலன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும். தப்பா நெனச்சிக்காத கண்ணு. எவனாவது நெட்ல ஒண்ணு எழுதிப் போட்டான்னா என் கடைய மூடிட்டுப் போவணும்."

நான் எட்டாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்தது இந்த நூல் ஒன்றுதான். அதையும் இந்தப் பல்லால்தான் செய்கிறேன். பல் போனால் வேலை போகும். அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மர்பி டவுனுக்கு வீடு திரும்பும் பஸ்ஸில் மணிக்கட்டை நக்கி, காயவிட்டு, முகர்ந்து பார்த்தேன். அம்மா வாய் நாற்றம். கொஞ்சம்கூட மாறாமல் அதே நாற்றம். அம்மா செத்து அப்போது ஐந்து மாதம்.

அம்மாவின் வாயைப் பற்றி நான் அழகாக எழுத முடியாது. முப்பத்தைந்து வயதிலேயே ஈறு இறங்கி, பற்கள் குதிரைப் பல் மாதிரி நீண்டுவிட்டன. தினமும் காலையில் குழாயடியில் நின்று விரலால் ஈறை அழுத்துவார். மஞ்சளாகச் சீழ் வரும். அதைத் துப்புவார். துப்பினது அறுந்து விழாமல் நூல் மாதிரி தொங்கும். ரத்தம் கலந்திருக்கும். அங்கிருந்து நாலடியில் உட்கார்ந்து நான் உப்புமா தின்றுகொண்டிருப்பேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போன நாட்கள் நிறைய.

அம்மா ஒரு லேடீஸ் ஹாஸ்டல் சமையல்கட்டில் வேலை செய்தார். சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வார். அப்பா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டதால் வீட்டில் நான், அம்மா, சித்தி மூன்று பேர்தான். ஆனாலும் அம்மாவுக்குத் தனி டம்ளர். யாரும் வைக்கச் சொல்லவில்லை. அவரே எடுத்து வைத்துக்கொண்டது. நான் பார்லரில் சேர்ந்த புதிதில் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனால் எடுத்துக்கொண்டு வருவார். ஒருநாள் கடைக்குள் வந்து அக்காவிடம் பேச வாயைத் திறந்தார். அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்: "இனிமே கடைக்குள்ள வராதம்மா. உன் வாய் நாறுது." வேறு வார்த்தை தேடவில்லை. அதற்குப் பிறகு டிபன் பாக்ஸோடு ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிற்பார். நான் பார்க்கும் வரை நிற்பார். கூப்பிடக்கூட மாட்டார்.

அம்மா ஒரே ஒரு தடவை பல் டாக்டரிடம் போயிருக்கிறார். நான் அப்போது ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். க்ளீன் பண்ணி அனுப்பினார்கள். மறுநாளே கீழ்ப் பல்லெல்லாம் ஆட ஆரம்பித்தது. பல்லுக்குப் பல் சந்து. தண்ணீர் பட்டால் கூச்சம். "கல்லு மாதிரி இருந்த பல்ல ஆட்டி வுட்டுட்டான் பாவி," என்று அம்மா அழுதார். சித்தியும் கூட உட்கார்ந்து திட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதை ஜெபம் மாதிரி மூன்று பேருமே சொன்னோம்: க்ளீன் பண்ணினால் பல் போய்விடும். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும். அதனால் யாரும் எதையும் பிடுங்கவில்லை. அதுவாக விழுந்தது. ஒரு பல் டீயில் தோய்த்த பன்னோடு வந்தது. அம்மா அதை நாக்கால் தள்ளி, உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார். நான் வாந்தி எடுத்தேன்.

விழுந்த ஒவ்வொன்றையும் கழுவி ஒரு தைல டப்பாவில் போட்டு வைத்தார்.

"தூக்கிப் போடும்மா, சீ!"

"இருக்கட்டும் பாப்பா. நான் செத்தா என் பெட்டில இதையும் போட்டுடு. கடைசி நாள்ல எல்லாரும் முழு உடம்போட எந்திரிப்பாங்களாம். நான் மட்டும் பொக்க வாயோடயா எந்திரிக்கிறது?"

சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

சுகர் முதலில் காலைப் பிடித்து, பிறகு கிட்னியைப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் கடைசி சாயங்காலம் அம்மா விரலை அசைத்து என்னைக் கிட்டே கூப்பிட்டார். குனிந்தேன். குனியும் முன்பே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முகத்தையும் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன். அம்மா இரண்டு மூன்று வார்த்தை சொன்னார். முன்பற்கள் போன வாயில் வார்த்தை நிற்கவில்லை, காற்றாகத்தான் வந்தது. இன்னும் கிட்டே போயிருந்தால் கேட்டிருக்கும். நான் போகவில்லை. "சரிம்மா," என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விடிந்ததும் போய்விட்டார்.

எங்களில் பெட்டியை மூடுவதற்கு முன் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் முத்தம் கொடுப்பார்கள். சித்தி கொடுத்தார். பிறகு என் முறை. அம்மாவின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். வாய் மூடியிருந்தது. எந்த நாற்றமும் இல்லை. சென்ட்டும் சாமந்திப்பூவும்தான் மணத்தன. அப்போதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்தேன். செத்துப்போன அம்மாவிடம். பழக்கம். டப்பா ஞாபகமே வரவில்லை.

அந்த நாற்றம்தான் இப்போது என் வாயில்.

முதலில் நான் செய்ததெல்லாம் அதை மறைக்கத்தான். கிராம்பை மென்றேன். ஏலக்காயை அடக்கிக்கொண்டேன். அரை மணிக்கு ஒருமுறை சூயிங் கம். சாக்கடைப் பக்கம் ஊதுபத்தி கொளுத்தினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அழுக்கை உரித்துவிட வேண்டும் என்று உப்பையும் அடுப்புக்கரியையும் சேர்த்து, கடினமான பிரஷ்ஷால் போட்டுத் தேய்த்தேன். வாஷ்பேசின் முழுக்கக் கருப்பும் சிவப்புமாக ஓடியது. சித்தி பயந்துவிட்டார்.

"ரத்தம் வர எடத்துல பிரஷ் போடாதடி. புண்ண நோண்டுனா ஆறுமா? வுடு, தானா காயட்டும்."

சரி என்று விட்டேன். ரத்தம் வரும் இடத்தையெல்லாம் தொடாமல் மற்ற இடத்தை மட்டும் தேய்த்தேன். தொடாத இடத்தில் வெள்ளையாக, பாலாடை படிந்த மாதிரி ஒன்று ஏறியது. நகத்தால் சுரண்டினால் நகக்கண்ணில் வந்தது. முகர்ந்தால் குமட்டியது. கடையில் நாள் முழுக்க அடுத்தவர் குதிகாலைச் சுரண்டுவேன். வீட்டுக்கு வந்தால் என் பல்லைச் சுரண்டுவேன். இரண்டும் ஒரே மாதிரி மாவாக உதிர்ந்தது. ஒருநாள் நாக்கால் தள்ளியபோது கீழ் வரிசை நடுப் பல் ஒன்று முன்னால் நகர்ந்து பின்னால் வந்தது. நான் நூலைக் கடிக்கும் பல்.

அக்காவிடம் சொன்னேன். "டென்டல் காலேஜுக்குப் போடி. ஸ்டூடன்ட்ஸுங்கதான் பாப்பாங்க, ஆனா பொறுமையா பாப்பாங்க," என்றார்.

பெரிய ஹால். வரிசையாக நாற்காலிகள். எல்லா நாற்காலியிலும் யாராவது வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார்கள். எனக்கு வந்த டாக்டர் என் வயதுதான் இருப்பார். இந்த ஊர்க் கன்னடப் பெண், ஆனால் தமிழ் பேசினார். "ஸ்வல்ப பாயி தெகீரி," என்றார். கொஞ்சம் வாயைத் திறந்தேன். "இன்னும் நல்லா," என்றார். முழுசாகத் திறந்தேன். அவர் மூச்சைப் பிடிக்கிறாரா என்று நெஞ்சைப் பார்த்தேன். மாஸ்க், கோட்டு, ஒன்றும் தெரியவில்லை.

மெல்லிய ஊசி மாதிரி ஒரு கம்பி. நுனியில் கோடு கோடாகப் போட்டிருந்தது. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு விட்டு எடுத்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற இன்னொரு பெண் எழுதிக்கொண்டார். மூணு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு, ஆறு. ஸ்கூலை விட்ட பிறகு என்னை யாரும் எண்ணால் சொன்னதில்லை. பெரிய எண் வந்தபோது பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆறு நல்லதா டாக்டர்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது மார்க் இல்லம்மா. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல எவ்ளோ ஆழமா குழி இருக்குன்னு பாக்கறேன். மூணு மில்லிமீட்டர் வரைக்கும் ஓகே. ஆறுன்னா உள்ள எலும்பு கரைஞ்சிருக்கு."

கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு ஈறை விரலால் அழுத்திக் காட்டினார். மஞ்சளாக வந்தது. அம்மா குழாயடியில் வரவழைப்பாரே, அதுவேதான். நான் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டேன்.

"வீட்ல யாருக்காவது சின்ன வயசுலயே பல்லு ஆடிச்சா?"

"அம்மாவுக்கு."

"சுகர் இருக்கா அவங்களுக்கு?"

"இருந்துச்சு."

"சுகர் இருந்தா ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டா சுகரும் கன்ட்ரோலுக்கு வராது. அவங்களையும் ஒரு தடவ கூட்டிட்டு வாங்க."

"செத்துட்டாங்க டாக்டர்."

கம்பியைத் தட்டில் வைத்தார். பிறகு என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"பல்லுலயா நூல் புடிக்கறீங்க? அத நிறுத்துங்க மொதல்ல. ஆடற பல்ல தெனம் இழுத்துட்டே இருந்தா எப்படி நிக்கும்?"

"நிறுத்துனா சோறு?"

"சில பேர் கழுத்துல மாட்டிக்கிறாங்களே, நான் பாத்திருக்கேன்."

வாயை நாலு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு தடவை ஒரு பாகம் க்ளீன் பண்ணுவதாகச் சொன்னார். அன்று கீழ் வரிசையில் இடது பாதி. மரத்துப்போக ஊசி போட்டார். பிறகு ஈறுக்கு அடியில் விட்டுச் சுரண்டினார். வலி இல்லை, ஆனால் சத்தம் இருந்தது. அடிப்பிடித்த குக்கரைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம், அதுவும் என் மண்டைக்குள்ளேயே. துப்பச் சொன்னார். ரத்தத்தோடு, பல்லில் இறுகியிருந்த அழுக்கு கடுகு கடுகாகக் கருப்பாக விழுந்தது. காரை. தண்ணீர் வந்து அதை அடித்துக்கொண்டு போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன், நற்கருணை வாங்கினேன், டீச்சர் முகத்தில் மூச்சு விட்டேன்.

மறுநாள் காலை எழுந்து கண்ணாடியைப் பார்த்தேன். கீழ்ப் பற்களுக்கு நடுவில் கருப்பாகச் சந்து தெரிந்தது. தண்ணீர் பட்டதும் மண்டை வரை ஏறியது. அந்த நடுப் பல் முன்பைவிட அதிகமாக ஆடியது.

சித்தி வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் சொன்னனா இல்லியா? உங்கம்மாக்கும் இதே கததான். நல்லா இருந்தத ஆட்டி வுட்டு அனுப்புவானுங்க. மறுபடியும் போன, அவ்ளோதான், பொக்க."

நான் அடுத்த தடவை போகவில்லை. டாக்டர் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். வைபரேஷனில் போட்டுவிட்டுக் குதிகால் சுரண்டினேன்.

ரேஷன் கார்டில் அம்மா பெயரை எடுக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவில் பேப்பர்களைத் தேடியபோது அந்தத் தைல டப்பா கையில் பட்டது. ஆட்டியதும் சத்தம் வந்தது. என்ன என்று உடனே தெரிந்துவிட்டது. திறக்க மனமில்லை. திறந்தேன். பதினொன்று இருந்தன. காய்ந்து, நீளமாக, கோழி எலும்பு மாதிரி. பாதிக்குமேல் கருப்பும் பழுப்புமாக மேலோடு கட்டியிருந்தது. டப்பாவை மூடினேன். பெட்டியில் போடச் சொன்னார். போடவில்லை. மறுபடி திறந்தேன். இந்தத் தடவை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். சொத்தைப் பல் என்றால் ஓட்டை இருக்க வேண்டும். ஒன்றில்கூட ஓட்டை இல்லை. முழுப் பற்கள். முழுப் பல் எதற்கு விழ வேண்டும்?

"அதக் கொண்டுபோயி குப்பைல போடுடி, கருமம்," என்றார் சித்தி.

அடுத்த நாள் டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போனேன். போனை எடுக்காததற்கு டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். டப்பாவைத் திறந்து நீட்டியதும் திட்ட மறந்துவிட்டார். கிளவுஸ் போட்ட கையால் பதினொன்றையும் ஒரு தட்டில் வரிசையாக அடுக்கினார்.

"யாருது இது?"

"அம்மாவுது. ஒரு தடவ க்ளீன் பண்ணாங்க, எல்லாம் ஆடிப் போயி விழுந்துடுச்சு. எனக்கும் இப்ப ஆடுது."

அவர் ஒரு பல்லை எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார். "பாருங்க. ஒரு சொத்தகூட இல்ல, நல்ல பல்லு. இந்தக் கருப்பு எது வரைக்கும் போயிருக்கு பாருங்க. வேர் நுனி வரைக்கும். க்ளீன் பண்ணதால விழல இது. அதுக்கு முன்னாடியே எலும்பு போயிடுச்சு. இந்தக் காரைதான் சிமென்ட் மாதிரி ஒரு பல்ல இன்னொரு பல்லோட ஒட்டிப் புடிச்சிட்டு இருந்துச்சு. அத எடுத்ததும் ஆட்டம் வெளிய தெரிஞ்சுது, அவ்ளோதான். அப்புறம் திரும்பிப் போனாங்களா?"

"இல்ல."

"போயிருக்கணும். ஈறு கெட்டியாக டைம் எடுக்கும்."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு இன்னும் பாதிக்கு மேல எலும்பு இருக்கு. போன எலும்பு திரும்பி வராது, இருக்கறதக் காப்பாத்தலாம். வுட்டுட்டீங்கன்னா," தட்டைக் காட்டினார், "இதுல வந்து சேரும்."

நான் அந்தத் தட்டைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாக அழுக்கைத்தான் பல் என்று நினைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். அம்மா இன்னொரு தடவை போயிருந்தால் போதும். போகாதே என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

"நாங்க காரை சுரண்டிப் பழகறது இந்த மாதிரி பல்லுலதான். காலேஜுக்குக் குடுத்துடறீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். அம்மா கூடப் பொதைக்கணும். பெட்டில போடச் சொன்னாங்க, நான் மறந்துட்டேன்."

அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினார். முதலில் என் வாயில் அடுத்த பாகத்தை முடித்தார். நான் ரத்தம் துப்பிவிட்டு எழுந்தபோது, இருங்கள் என்று சொல்லிவிட்டு அம்மாவின் பற்களை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சுரண்ட ஆரம்பித்தார். கருப்பு ஓடு ஓடாக உதிர்ந்தது. தட்டின் ஓரத்தில் அது குவிந்ததைப் பார்க்கக் குமட்டியது. ஆனால் அந்தக் குப்பைக்கு நடுவில் பல் பல்லாக வெளியே வந்தது. அம்மா போகாமல் விட்ட இரண்டாவது தடவை அன்றுதான் நடந்தது.

கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் பூவும் மெழுகுவத்தியும் கொண்டுபோனார்கள். நானும் கொண்டுபோனேன். சித்தி மெழுகுவத்தி ஏற்றத் திரும்பியபோது, அம்மாவின் தலைமாட்டில் கரண்டிக் காம்பால் ஒரு சாண் தோண்டி டப்பாவை உள்ளே வைத்து மண்ணைத் தள்ளினேன்.

நாலு பாகமும் முடிந்தது. ஆடிய பல்லை இரண்டு பக்கத்துப் பற்களோடு சேர்த்து உள்பக்கமாக மெல்லிய கம்பி வைத்து ஒட்டினார்கள். நாக்குக்கு அது இன்னும் பழகவில்லை. பஞ்சு மாதிரி பிரஷ்ஷைச் சாய்த்து, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் மெதுவாக அசைக்க வேண்டும். ரத்தம் வந்தால் விடக்கூடாது, அந்த இடத்துக்குத்தான் இன்னும் கவனம் வேண்டும். சித்தி சொன்னதற்கு நேர் எதிர். அது போக, பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரியே, ஆனால் ஊசி கனத்தில் ஒன்று. அதைச் சந்துச் சந்தாக விட்டு எடுக்க வேண்டும்.

"எடுத்ததும் முகர்ந்து பாருங்க," என்றார் டாக்டர். "எங்க நாத்தம் வருதோ அங்க இன்னும் இருக்குன்னு அர்த்தம்."

தினமும் காலையில் என் வாயைச் சந்துவாரியாக முகர்ந்து பார்க்கிறேன். முதல் வாரம் எல்லாச் சந்திலும் அம்மா நாற்றம். பிரஷ்ஷில் இளஞ்சிவப்பாக நுரையும், மாவு மாதிரி ஒன்றும். ஒவ்வொரு தடவையும் குமட்டிக்கொண்டு கழுவினேன்.

நூலைக் கழுத்தில் மாட்டப் பழகினேன். என் முழங்கால் முடிதான் பாடம். முடி தீர்ந்த பிறகு சித்தி காலைக் கடன் வாங்கினேன். முதல் சில நாட்கள் பின்கழுத்தில் சிவப்பாகக் கோடு விழுந்தது.

அக்கா பார்த்துவிட்டு, "இன்னாடி, தூக்கு மாட்டிக்கினு இறங்கி வந்த மாதிரி கீற," என்றார். பிறகு ஒருநாள் கூப்பிட்டு நிறுத்தினார். "ஊது."

"இன்னாக்கா?"

"போலீஸ்காரன் கிட்ட ஊதுவாங்கல்ல, அப்படி ஊது."

ஊதினேன். அக்கா முகர்ந்தார். இன்னொரு தடவை ஊதச் சொன்னார். "ம். போயி நூல எடு," என்றார்.

டீச்சர் அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்து வேறு பெண்ணிடமே போட்டுக்கொண்டார். மூன்றாவது தடவை அந்தப் பெண் லீவு. வேறு வழியில்லாமல் என் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். தோலை இழுத்துப் பிடித்தார். நான் நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குனிந்தேன். புருவத்தைப் பார்க்கும் முன் அவர் நெஞ்சைத்தான் பார்த்தேன். முதலில் நின்றது. கொஞ்சநேரம் கழித்து, தாங்க முடியாமலோ என்னவோ, மூக்கால் இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். பிறகு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நான் இரண்டு புருவத்தையும் ஒரே மாதிரி முடித்தேன்.

போன மாதம் டாக்டர் மறுபடியும் கம்பியை விட்டு எண் சொன்னார். ஆறெல்லாம் நாலாகவும் மூன்றாகவும் இறங்கியிருந்தன. சின்ன எண் கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இடது பக்கம் கடைசிப் பல்லுக்குப் பின்னால் மட்டும் இன்னும் ஐந்து. "அத வுடாதீங்க. தெனம் பாருங்க," என்றார். வாழ்நாள் முழுக்கப் பார்க்க வேண்டுமாம்.

அந்த ஒரு சந்தில்தான் இன்னும் நாறுகிறது. காலையில் மற்ற எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியாக அங்கே விடுகிறேன். எடுத்து மூக்கருகில் கொண்டுபோகிறேன். அதே நாற்றம். குழாயடி, தனி டம்ளர், ரோட்டுக்கு அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ், ஆஸ்பத்திரிக் கட்டில். அருவருப்பாகத்தான் இருக்கிறது. குமட்டத்தான் செய்கிறது. ஆனால் மூச்சைப் பிடித்துக்கொள்வதில்லை. நன்றாக இழுக்கிறேன். பிறகு பிரஷ்ஷைக் கழுவி, மறுபடி உள்ளே விடுகிறேன்.